பொய்ப் புள்ளி

எங்கள் ஆய்வகத்து டீ வாயில் வைக்க விளங்காது, சார். ஆனாலும் நான் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஆய்வாளர் எனக்கும் சேர்த்து ஒரு கோப்பை கொண்டுவருவார். வேறு யாரும் என் மேசைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

டார்க் மேட்டர் என்கிற கரும்பொருள் திரண்டு கிடக்கும் இடங்களை வானத்தில் தேடுவது அவர் வேலை. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது திரண்ட இடத்திலிருந்து காமாக் கதிர் வரலாம் என்பது கணக்கு. வேறு எந்த ஒளியும் இல்லாமல் காமாக் கதிரில் மட்டும் தெரியும் ஒரே ஒரு புள்ளிக்காக, தலை நரைக்கும்வரை தேடினார். கிடைத்ததெல்லாம் கடைசியில் ஏதோ செத்த நட்சத்திரமாகவே போய் முடிந்தது.

என் வேலை வேறு. தேடுகிறவர்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க, தரவுக்குள் ரகசியமாக ஒரு பொய்ப் புள்ளியைக் கலந்துவைப்பேன். யாராவது கண்டுபிடித்து வந்து கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதுதான் முறை.

அக்கா கண்டுபிடித்தார். கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, இது நீ வெச்சது இல்லையே?”

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“இல்லக்கா,” என்றேன்.

அப்போதே அவருக்கு இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். “இன்னும் கொஞ்சம் கதிர் சேரட்டும், உறுதியானதும் போய்ப் படுத்துக்கறேன்,” என்று தள்ளிப்போட்டார். எங்களிடமே ஆய்வு மாணவியாக இருக்கும் அவர் மகள் என்னிடம் வந்து அழுதாள்.

“மாமா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க.”

சொல்கிறேன் என்றேன். வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். அதன்பிறகு என் முகத்தில் விழித்திருக்க மாட்டார். புதுத் தரவு வரும்போதெல்லாம் நாலைந்து கதிர்களைச் சேர்த்துவந்தேன். புள்ளி மங்கினால் மனசு விட்டுவிடுவாரே.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் மனசு ஆறியது.

இப்போது அந்த நாற்காலியில் மகள் உட்கார்ந்து, அம்மா விட்ட வேலையைத் தொடர்கிறாள். பாவம், சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. அந்தப் புள்ளிதான் அவளை எழுப்பி உட்காரவைக்கிறது. தயவுசெய்து அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள், சார். இன்று காலை எனக்கு டீ கொண்டுவந்தாள். நானும் இன்றைய தரவில் கொஞ்சம் கதிர் சேர்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.