மிட்டாய் மணி

ரொம்பக் காலத்துக்கு முந்தி, பாய் கட்டின தோணிகள் கடலை ஆண்ட நாளில், தருவைப்பட்டினத்துத் துறையில் தொம்மை என்று ஒரு சவ்வு மிட்டாய்க்காரர் இருந்தாராம். மூங்கில் கம்பு. உச்சியில் கயிறு இழுத்தால் கைதட்டும் பொம்மை. அதற்குக் கீழே சுற்றிவைத்த ரோஸ் மிட்டாய். இழுப்பார், திருகுவார், பிள்ளைகள் மணிக்கட்டில் கடிகாரமாக ஒட்டிவிடுவார். "ஓடுதா?" என்பார். "ஓடுது, ஓடுது!" என்று நக்குவார்களாம்.

அவர் பெண்சாதி லூர்தம்மா தோணிக்கு உப்பு சுமப்பவள். கைப்பிள்ளையை வீட்டில் போட்டுவிட்டு வருவாள். ஆறு மணிக்கு வேலை விடவேண்டும். ஆறு எப்போது ஆகும்? கங்காணி பலவேசம் சொன்னால் ஆகும். துறையிலே கடிகாரம் அவன் மடியில் மட்டும்தான். பொழுது அடைந்துவிடும், தோணியில் விளக்கு ஏற்றிவிடுவார்கள், அவன் கடிகாரம் மட்டும் அஞ்சரையைத் தாண்டாதாம்.

ஒரு நாள் லூர்தம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. "பிள்ள பசியில கத்தும். விடுங்கய்யா."

"மணி ஆகலியே, நான் என்ன செய்ய?" என்று சிரித்தானாம்.

தொம்மை பார்த்தார். கம்பை மணலில் நட்டார். மிட்டாயை இழுத்தார். பெண்சாதி கையில் ஒரு கடிகாரம் ஒட்டினார். அடுத்தவள் கையில் ஒன்று, அதற்கடுத்தவள் கையில் ஒன்று, கம்பு மொட்டையாகும் வரை ஒட்டினாராம்.

லூர்தம்மா கையைத் தூக்கினாள். "எனக்கு ஆறு ஆயிட்டு. உனக்கு எத்தனக்கா?"

"எனக்கும் ஆறுதாம்ட்டீ!"

"ஏ கழுதைகளா, அது மிட்டாய்!" என்று கத்தினான் பலவேசம்.

"இருக்கட்டுமே. பொழுதடைஞ்சத மிட்டாய் சொல்லுது. உங்க கடிகாரம் சொல்லுதா?" என்றாளாம் லூர்தம்மா.

கூடையைக் கவிழ்த்துவிட்டு எல்லாரும் நடந்தார்களாம்.

பலவேசத்துக்கு ஆத்திரம் தொம்மை மேலே திரும்பியது. "இனி உன் கால் இந்தத் துறை வாசலத் தாண்டுச்சுன்னா பாருலே!"

"என் கால் தாண்டாது அண்ணாச்சி. பொம்மை தாண்டும்."

மறுநாள் இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு துறை மதிலுக்கு வெளியே போய் நின்றாராம். சூரியன் இறங்கியதும் கயிற்றை இழுத்தார். மதிலுக்கு மேலே பொம்மை கைதட்டியது. உள்ளே அத்தனை பேரும் சுமையை இறக்கினார்கள். ஒருத்தி என்றால் விரட்டலாம். துறை முழுக்க என்றால்? உப்பை யார் சுமப்பது? பலவேசம் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான், பொம்மையைப் பார்த்தான், திரும்ப மடியில் சொருகிக்கொண்டானாம்.

இன்றைக்கும் அந்தத் துறையில் பொழுது சாய்ந்தால் யாரும் யாரிடமும் மணி கேட்பதில்லை. "மிட்டாய் மணி ஆயிட்டு" என்று ஒருத்தி சொல்லுவாள். சுமை இறங்கிவிடும். எந்த முதலாளியும் ஏன் என்று கேட்டதில்லையாம்.