பெயர் சொல்லாத மருமகள்

சாராயம் நன்றாகச் சிவக்க வேண்டுமென்றால் சர்க்கரையைக் கருகும் பதத்துக்குக் காய்ச்சி ஊற்ற வேண்டும், ஐயா. எங்கள் பல்கேரிய மலையூர்களில் கல்யாணத்துக்கு மறுநாள் காலை அதைப் பெண்வீட்டுக்கு அனுப்புவோம். பெண்ணின் உள்சட்டையில் ரத்தக்கறை இருந்தால் மட்டும்தான்.

அன்று திங்கட்கிழமை. மேளக்காரர்கள் வாசலில் காத்திருந்தார்கள். என் மருமகள் நெதாவின் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறை இல்லை.

"யாருடி அவன்? பேரைச் சொல்லு."

"யாருமே இல்ல அத்தை. இல்லாதவன் பேரை எங்கேர்ந்து கொண்டு வர்றது?"

பத்தொன்பது வயதுக்கு என்ன வாய் பாருங்கள். அதே சட்டையை மாட்டிவிட்டு, வைக்கோல் கொட்டகைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். அடிக்கவில்லை. பெயரைச் சொன்னால் திறந்துவிடுவதாகத்தான் இருந்தேன்.

"அம்மா, பனி கொட்டுது. ஒரு கம்பளியாவது குடும்மா," என்றான் என் மகன் கிரில்.

"முதல்ல பேரு. அப்புறம் கம்பளி."

மறுநாள் அவன் டவுனிலிருந்து ஒரு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தான். ஆண்பிள்ளை போலக் கிராப் வெட்டியவள். "நிறைய பொண்ணுங்களுக்கு மொதல் தடவை ரத்தமே வராதும்மா. அந்தச் சவ்வு ஒண்ணும் மூடி கிடையாது, வளைஞ்சு குடுக்கும். அதைப் பார்த்து என்னாலயே எதுவும் சொல்ல முடியாது," என்றாள். அத்தனை வருஷம் படித்தவளுக்குச் சொல்லத் தெரியாதாம். எழுதப் படிக்கத் தெரியாத நாங்கள் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். காபி கொடுத்தேன். பெண் எங்கே என்று கேட்டாள். அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். கிரில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எப்போதும் அதுதான் தெரியும்.

புதன்கிழமை கதவைத் தட்டும் சத்தம் நின்றது. வீம்பு என்று நினைத்தேன். வியாழன் காலை திறந்தபோது, சட்டையைக் கால்வரை இழுத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு விறைத்திருந்தாள். கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை. அவ்வளவு நெஞ்சழுத்தம்.

ஆமாம், தாழ்ப்பாள் போட்டது நான்தான். திறக்காமல் இருந்ததும் நான்தான். எங்கே கைநாட்டு வைக்க வேண்டும்?

ஆனால் அந்த டாக்டரம்மா பேச்சைக் கேட்டு என்னையும் நெதாவையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். என் கல்யாணத்திலும் ரத்தம் வரவில்லைதான். விரலைக் கீறிச் சட்டையில் தேய்த்தேன். அது வேறு, ஐயா. நான் எந்தத் தப்பும் செய்யாதவள்.