மூலையில் ஒரு தொட்டி

— பாத்து... அந்தத் தொட்டி மேல சாயாத. ஒழுகும்.

— இன்னுமா மேடம்? நான் உங்ககிட்ட படிக்கும்போதே ஒழுகிச்சே.

— அப்ப அடைச்சது நீதானே? அதான் இன்னும் ஒழுகுது.

— ஆரம்பிச்சிட்டீங்களா...

— முதலாளின்னா கிண்டல் பண்ணக் கூடாதா? உன் கம்பெனி பொறந்ததே இந்த ரூம்ல. மூலைல ஒரு மேசை, அது மேல ஒரு தண்ணி மீட்டர், பக்கத்துல தூங்கி வழிஞ்சுக்கிட்டு நீ.

— வாசல்ல ஆசையா ஒரு போர்டு மாட்டினேன். பல்கலைக்கழகத்துச் சுவர்ல ஆணி அடிக்கலாமான்னு ஆபீஸ்காரங்க கழட்டிட்டாங்க.

— இப்ப அதே ஆபீஸ்ல உன் போட்டோ.

— கீழே ‘எங்கள் பிள்ளை’ன்னு வேற!

— பெரிய ஆளானப்புறம் எல்லாருக்கும் பிள்ளைதான். நடுவுல உன் கம்பெனில பல்கலைக்கழகம் பங்கு கேட்டு, சண்டை வக்கீல் வரைக்கும் போச்சே, மறந்துட்டியா?

— கோபம் அவங்க மேல. அப்பவும் பின்வாசல் வழியா உங்களைப் பாக்க வந்தேனே...

— வந்த. புதுசா எந்த மீட்டர் செஞ்சாலும் முதல் மீட்டர் இங்க அனுப்புவ. நான் இந்தத் தொட்டில போட்டுச் சரின்னு சொன்னாதான் கடைக்குப் போகும்.

— பழக்கம் மேடம்.

— நாளையோட அதுவும் முடிஞ்சுது. ரூமைப் புதுசா கம்பெனி ஆரம்பிக்கிற பசங்களுக்குக் குடுத்தாச்சு. தொட்டியைத் தூக்கிப் போடப் போறாங்க. இனிமே நீ எதுக்கு இந்தப் பக்கம் வரப்போற?

— ...அதான் வண்டியோட வந்திருக்கேன். தொட்டியை நான் எடுத்துட்டுப் போறேன்.

— ஒழுகுற தொட்டியையா? எதுக்கு?

— மீட்டரைச் சோதிக்கணுமே. எங்ககிட்ட தொட்டி ஏது?... ஏன் சிரிக்கிறீங்க?

— புளுகாத. இதைவிட நல்ல தொட்டி உன் கம்பெனில எப்பவோ வந்தாச்சு.

— யார் சொன்னா?

— உன் மீட்டர்தான். தண்ணிலேர்ந்து எடுத்தா மூடியைத் திறந்து உள்ள துடைன்னு படிக்கிற காலத்துலேயே தொண்டை கிழியக் கத்துவேன். நீ அனுப்பின ஒவ்வொண்ணும் மூடிக்குள்ள ஈரத்தோடதான் வந்துச்சு.

— அடக் கடவுளே... அங்கயே சோதிச்சிட்டு அனுப்புறேன்னு தெரிஞ்சுமா, ஒவ்வொரு தடவையும் ‘ஏதோ இடிக்குது, நேர்ல வா’ன்னு கூப்பிட்டீங்க?

— ஒண்ணுமே இடிக்கலடா. அனுப்ப நீ ஒரு சாக்கு வச்சிருந்த, கூப்பிட எனக்கும் ஒண்ணு வேணாமா?... சரி, அந்தப் பக்கம் பிடி, தூக்கு. அங்க போய் ஒழுகுதுன்னு கூப்பிடு. இனிமே நான் வர்றேன்.