ஒன்பது சென்ட் கோல்கீப்பர்

— பல்ல காட்டாம அந்த இடது கால் பேட் எங்கேன்னு பாத்து எடு, மார்லிஸ். பதினெட்டு நிமிஷ இடைவேளைல பத்து போயிடுச்சு.

— நானா சிரிக்கறேன்? மினசோட்டாப் பனில டிரக் வரைக்கும் ஓடி இந்தப் பேட் மூட்டைய இழுத்துட்டு வந்திருக்கேன். பதினோரு வருஷமா கிளப்பு அவசரத்துக்குன்னு வெச்சிருக்கற கோல்கீப்பர் நீ. பேட டிரக்குலயா போட்டுட்டு வருவ?

— ஒரு தடவகூட கூப்பிட்டதில்லையே! மேல உக்காந்து ஓசி ஹாட்டாக் தின்னுட்டுப் போறதுதான வேலை? டீமோட ரெண்டு கோல்கீப்பர்ல ஒருத்தனுக்கு முட்டி போகும், அடுத்தவன் இடைவேளைல வாந்தி எடுத்துச் சுருண்டு விழுவான்னு யாரு கண்டா?

— பீரடிக்கற கிழவங்களோட பொழுதுபோக்கா ஐஸ் ஹாக்கி ஆடற இன்சூரன்ஸ் ஏஜெண்ட், இனி இருபது நிமிஷம் நூறு மைல் வேகத்துல வர்ற ரப்பர் வட்ட தடுக்கப்போறான். பயமா இல்ல, டுவேன்?

— எதுக்குப் பயம்? மூணுக்கு ரெண்டு, நாம முன்னால. நம்ம டீம் ஜெயிக்கும்னு காலைல ஃபோன்ல நாப்பது சென்ட் வீதம் பத்தாயிரம் சீட்டு வாங்கினேன். ஜெயிச்சா ஒவ்வொண்ணும் ஒரு டாலர், தோத்தா ஒண்ணுமில்ல.

— என் பேர்ல வாங்கின. எந்தப் பந்தயத்துலயும் இறங்கமாட்டேன்னு கிளப்புக்குக் கையெழுத்துப் போட்டவன் நீ. அதுவும் கூரை மாத்தச் சேத்துட்டிருந்த நாலாயிரம்! புள்ளைங்க ரூமுக்கு மேல பனி பாரத்துல உத்தரம் விரிசல் விட்டு நிக்குது. நீ சூதாடற.

— சூதாட்டம் இல்லம்மா, சந்தை! நாப்பது சென்ட்னா, ஜெயிக்க நூத்துக்கு நாப்பது வாய்ப்புன்னு ஜனங்க நினைக்கறாங்கன்னு அர்த்தம். ஆட்டம் மாற மாற விலையும் மாறும். முடியறதுக்குள்ள எப்ப வேணா விக்கலாம். லட்சம் பேரு சொந்தக் காசப் போட்டுச் சொல்ற விலை அது. சந்தைக்கு எல்லாம் தெரியும்!

— சரி, தெரியும்.

— இப்ப என்ன விலை? ஃபோனப் பாரு.

— முதல்ல ஹெல்மெட்ட மாட்டு.

— விலையச் சொல்லு!

— கொஞ்சம் முன்ன வரைக்கும் எழுபது. இப்பத்தான் மைக்ல உன் பேரச் சொன்னாங்க. ஒம்பது.

— ஒம்பதா! நாம முன்னால இருக்கறப்பவா? எவனுக்கு என் ஆட்டத்தப் பத்தி என்ன தெரியும்? முட்டாக் கூட்டம்!

— சந்தைக்கு எல்லாம் தெரியும்னயே.

— அது... பொதுவாச் சொன்னது. விடு, ஜெயிச்சுக் காட்டறேன். பத்தாயிரம் நமக்குத்தான்.

— டுவேன், அந்தச் சீட்டு நம்மகிட்ட இல்ல. பேட் எடுத்துட்டு வான்னு ஆள் வந்து சொன்னதுமே டிரக்குல உக்காந்து எழுபதுக்கு வித்துட்டேன். கூரைக்காரன் பன்னெண்டாயிரம் கேக்கறான். அதான், வந்த காசு மொத்தத்துக்கும் நம்ம டீம் தோக்கும்னு முப்பது சென்ட் வீதம் சீட்டு வாங்கிட்டேன்.

— அடிப்பாவி! ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடியா? அதுவும் கோல்கீப்பர் பொண்டாட்டி பேர்லயா? இப்ப நான் கோல் விட்டா, வேணும்னே விட்டான்னு ரெண்டு பேரையும் தூக்கி உள்ள வெச்சிருவாங்க!

— வெக்கமாட்டாங்க. நீ எப்பவும் போல ஆடு. உன் ஆட்டத்தப் பாத்த எவனும் வேணும்னு விட்டதாச் சொல்லமாட்டான்.