வாசித்ததாக எடுத்துக்கொள்ளாத டாக்டரம்மா

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் கஸ்தோதியோ அவர்களே! நம் பங்கின் அருள்தந்தை அவர்களே! அக்காவைப் பறிகொடுத்துவிட்டு முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பெலிஸ்மினா அம்மையார் அவர்களே! தலைநகரிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்களே! நம் டாக்டரம்மாவோடு கடைசிவரை சண்டை போட்டவர்களும் வந்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். வலையை உலரப் போட்டுவிட்டு, முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு வந்திருக்கும் என் ஆற்றுச் சகோதரர்களே, சகோதரிகளே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் கையில் இத்தனை தாள் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என் எழுத்து பெரிய எழுத்து. ஒரு தாளுக்கு நாலு வரிதான் பிடிக்கும். இதில் இருப்பதெல்லாம் நானே எழுதியது. இதைச் சொல்லும்போது துக்க வீட்டில் சிரிக்கிறானே கிழவன் என்று நினைக்காதீர்கள். அம்மா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

யார் இந்த டாக்டர் லியோகாதியா வலாதாஸ்? மந்திரியாக இருந்தாரா? இல்லை. கட்சித் தலைவராக இருந்தாரா? இல்லை. இந்த ஊரில் அவர் பெயரில் ஒரு தெரு உண்டா? அதுவும் இல்லை. பின் எதற்காக இன்றைக்கு குவாதியானா ஆற்றில் ஒரு படகுகூட இறங்கவில்லை? எதற்காக கெர்த்ருதிஸ் தன் மதுக்கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள்? அவள் கணவன் செத்த அன்றுகூடக் கடையைப் பாதிக் கதவு திறந்து வைத்திருந்தவள் அல்லவா!

சொல்கிறேன்.

ஒரு மந்திரி வெளிநாட்டுக்குப் போய், பல நாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாடு அதில் சேர்ந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். அது மோதிரம் மாற்றுவது போலத்தான். கோயிலில் நிறுத்தி, "சம்மதமா?" என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் நாடாளுமன்றம். அங்கே சம்மதம் சொன்னால்தான் கல்யாணம். ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தைக்கூட நாம் மாற்ற முடியாது. ஆனால் சம்மதம் சொல்கிற அந்த ஒரு நேரத்தில் மட்டும், "எல்லாம் சரி, இந்த ஒன்றிலிருந்து மட்டும் எங்களுக்கு விலக்கு வேண்டும்" என்று சொல்லலாம். வாசற்படியில் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லிவிட வேண்டும். உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த வாசற்படியில் நின்றவர்தான் நம் அம்மா. ஒப்பந்தங்களைப் பரிசீலிக்கும் குழுவில் அவர் உறுப்பினர். சபையில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. ஒப்பந்தத்தின் தலைப்பை மட்டும் வாசிப்பார்கள். பிறகு அவைத் தலைவர், "எல்லோரிடமும் பிரதி இருக்கிறது, வாசித்ததாக எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வாசித்ததாக ஆகிவிடும்! ஆனால் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து "எதிர்க்கிறேன்" என்று சொன்னால் போதும். முழுவதையும் உரக்க வாசித்தே ஆக வேண்டும். அம்மா ஒவ்வொரு முறையும் எழுந்தார். எலுமிச்சை ஏற்றுமதிக்கு எழுந்தார், தபால்தலைக்கு எழுந்தார், கலங்கரை விளக்கத்துக்கு எழுந்தார். உறுப்பினர்கள் அவர் தலையைக் கண்டாலே, "போச்சு, இன்னிக்கு மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான்" என்பார்களாம்.

அப்படித்தான் மீன் ஒப்பந்தம் வந்தது.

அது சபைக்குப் போகுமுன் அம்மா நம் ஊருக்கு வந்து இறங்கினார். நம் நாட்டில் பட்டம் வாங்கிய எல்லோரும் டாக்டர்தான். ஆனால் நம் ஆற்றங்கரைக்கு நாக்கை நீட்டச் சொல்கிறவர் மட்டும்தான் டாக்டர். கெர்த்ருதிஸ் கடை வாசலில் நின்று கத்தினாள்: "ஏ, வாங்கடா! தலைநகர்லேருந்து டாக்டரம்மா வந்திருக்காங்க!" முழங்கால் வலிக்காரன், இருமல்காரன் எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். முதல் ஆள் என் கூட்டாளி பிர்மினோ. பூட்ஸைக் கழற்றிக் காலைத் தூக்கி மேசை ஓரத்தில் வைத்தே விட்டான்.

"அம்மா, இந்தக் கட்டைவிரலு மரத்துக் கெடக்குது. ஊசி போட்டுருங்க."

அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். காலைப் பார்த்தார், கீழே கிடந்த பூட்ஸைப் பார்த்தார்.

"நான் சட்டம் படிச்ச டாக்டருங்க. ஊசி என்கிட்ட இல்ல. ஆனா இந்தக் காலும் இந்த பூட்ஸும் ஒரே ஆளோடதா? ஒரு அளவு பெரிசா வாங்குங்க, போதும்."

வாங்கினான். சரியாகிவிட்டது! அதன் பிறகு சாகும்வரை பிர்மினோ வேறு எந்த டாக்டரையும் நம்பியதில்லை.

அன்றைக்கு அவர் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, "யாராவது வாசிக்கிறீங்களா?" என்றார். நாங்கள் கூரையைப் பார்த்தோம், தரையைப் பார்த்தோம். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரி, என் குரல் உங்களுக்குக் கேக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். ஏழாம் பிரிவு வந்தது. கடலிலிருந்து ஆற்றில் ஏறும் மீன்கள் முட்டையிடும் பருவத்தில் ஆற்றின் எந்தப் பகுதியிலும் எந்த வகை வலையும் இடலாகாது.

எந்த வலையும் கூடாது! சாவெல் மீன் நமக்கு ஏறி வருவதே அந்தப் பருவத்தில்தானே? மற்ற மாதமெல்லாம் நாம் பிடிப்பது காற்றைத்தானே? இந்தக் கரையில் எத்தனை அடுப்பு அந்த மீனை நம்பி எரிகிறது!

பிர்மினோ கேட்டான்: "இத யாரும்மா எழுதுனது?"

"பல நாட்டு நிபுணர்கள் ஒண்ணா உக்காந்து எழுதினது."

"உக்காந்துதான் எழுதியிருக்கான். படகுல நின்னு எழுதியிருந்தா இப்பிடி வந்திருக்காது. கிழிச்சு ஆத்துல போடுங்கம்மா!"

நாங்கள் எல்லோரும், "ஆமாம், கிழியுங்கள்" என்றோம். அம்மா கிழித்தாரா? இல்லை, எழுந்து நின்றார்.

"கிழிக்க மாட்டேன். முகத்துவாரத்துல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமா வலையக் கட்டி ஆத்தையே அடைக்கிறானே, அவனப் பத்தி நீங்கதானே அழறீங்க? அவனத் தடுக்க இது ஒண்ணுதான் இருக்கு. மீனே மேல ஏறி வரலைன்னா வலையில எதப் பிடிப்பீங்க, நெலாவையா?"

அம்மா ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்தார்.

"நாடு இதுல சேரணும். ஆனா கைவலைக்கு விலக்கு கேட்டுட்டுச் சேரணும். விலக்கு கேக்கறவங்க வெறுங்கையோட வரக் கூடாது. நீங்க என்ன விட்டுக் கொடுப்பீங்க, சொல்லுங்க."

எப்பேர்ப்பட்ட கேள்வி! எங்களை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. எங்களுக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள், எங்களைத் திட்டியிருக்கிறார்கள். எங்களோடு பேரம் பேசியவர் அவர் ஒருவர்தான். நாங்கள் கத்தினோம், அவரும் கத்தினார். கெர்த்ருதிஸ் நடுவில் ரொட்டியைக் கொண்டுவந்து வைத்து, "வாயில எதாவது இருந்தாலாவது சத்தம் கொறையுமா பாக்கறேன்" என்றாள். கடைசியில் சின்னக் கண்ணி வலையை எரித்துவிடுவது, ஞாயிற்றுக்கிழமை வலை இறக்குவதில்லை, மீன் தன் பாட்டுக்கு ஏறட்டும் என்று ஒப்புக்கொண்டோம். அம்மா கையை நீட்டினார். ஒவ்வொருவரும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினோம்.

சபையில் அது வந்த நாளில் நாங்கள் பேருந்து ஏறித் தலைநகருக்குப் போய்ப் பார்வையாளர் மாடத்தில் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்தோம். பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, இருமினால்கூட மெல்ல இரும வேண்டும் என்று காவலர் சொல்லிவிட்டார்.

குழுவில் அம்மா விலக்கு கேட்டிருந்தார். அவர் கட்சிக்காரர்களே வாக்களித்துத் தள்ளிவிட்டார்கள். மந்திரி ஒரு பெரிய மாநாட்டுக்குப் பறக்க இருந்தார். "எங்கள் நாடு எந்த நிபந்தனையும் இல்லாமல் சேர்ந்துவிட்டது" என்று அங்கே முதல் ஆளாக அறிவிக்க அவருக்கு ஆசை. அன்று கட்சிக் கொறடாவாக இருந்தவர் இதோ இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சபை கூடுமுன் நடைபாதையில் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். சொல்ல அனுமதியும் கொடுத்தார்.

"லியோகாதியா, இன்னிக்கு மட்டும் எழுந்திரிக்காதீங்க. மந்திரிக்கு விமானம் காத்திருக்கு."

"போகட்டுமே. பறக்கறவர் பறக்கட்டும். ஆறு இங்கதானே ஓடுது."

"அடுத்த தேர்தல்ல வேட்பாளர் பட்டியல் என் கையில இருக்கு. ஞாபகம் வச்சுக்கங்க."

"நல்ல ஞாபகம் இருக்கு. பட்டியலப் போடறப்ப அதையாவது முழுசா வாசிச்சுட்டுப் போடுங்க."

அவைத் தலைவர் கேட்டார்: "வாசித்ததாக எடுத்துக்கொள்ளலாமா?"

நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பெரிய சபை. அதில் அத்தனை சின்ன உருவம். அது எழுந்தது. "எதிர்க்கிறேன்."

ஒரே முனகல்! பாதிப் பேர் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். சபைச் செயலர் வாசிக்க ஆரம்பித்தார். முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு. அவருக்குத் தொண்டை கட்டியது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னவரும் அம்மாதான். ஏழாம் பிரிவு வாசித்தபோது எதிர்க்கட்சி வரிசையில் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்திருந்த ஒருவர் தலையைத் தூக்கினார். வடக்கே மீன்யோ ஆற்றங்கரைத் தொகுதிக்காரர்.

"கொஞ்சம் நிறுத்துங்க! அதத் திரும்ப வாசிங்க. இது எங்க ஆத்துக்கும் சேத்தா?"

"எல்லா ஆறுகளுக்கும்" என்றார் செயலர்.

"எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!"

அம்மா தன் இடத்திலிருந்தே சொன்னார்: "இப்பத்தான் சொல்றாங்க, நண்பரே. வாசிக்கறது இதுக்குத்தான்."

அந்த நொடி சபை விழித்துக்கொண்டது. காப்பிக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். என் தொகுதியில் ஓர் ஆறு, உன் தொகுதியில் ஓர் ஆறு என்று தாள்களைப் புரட்டுகிற சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. அறுவடைக் காற்றில் சோளத்தட்டை சலசலப்பது போல இருந்தது.

கடைசிப் பிரிவும் முடிந்தது. செயலர் தாளைக் கீழே வைத்தார். இப்போது நடந்ததற்கு நீங்கள் எங்களை மன்னிக்க வேண்டும், அருள்தந்தையே. எங்களுக்கு நின்றபடி ஒருவர் நீளமாக வாசித்துக் கேட்ட பழக்கம் ஒரே இடத்தில்தான். கோயிலில். வாசித்து முடித்துத் தாளை வைத்தால் நாங்கள் என்ன செய்வோம்? மாடத்தில் எங்கள் வரிசை முழுக்க, தொப்பியைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று, ஒரே குரலில் முழங்கியது:

"இறைவனுக்கு நன்றி!"

காவலர்கள் ஓடி வந்தார்கள். பிர்மினோவின் சட்டைக் காலரை ஒருவர் பிடித்துவிட்டார். மணியை அடிக்கக் கையை நீட்டிய அவைத் தலைவர் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை எடுத்தார். அம்மா எழுந்தார். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

"அவைத் தலைவர் அவர்களே! அவர்களை வெளியேற்ற வேண்டாம். இந்தச் சபையில் ஓர் ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டவர்கள் அவர்கள்தான்!"

சபையே கை தட்டியது. சட்டைக் காலரைப் பிடித்திருந்த காவலரும் கையை விட்டுவிட்டுத் தட்டினார்.

அன்று வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஒப்பந்தம் குழுவுக்குத் திரும்பிப் போனது. விமானம் அந்தத் தாள் இல்லாமலே பறந்தது. பிறகு நாடு சேர்ந்தது, அம்மா எழுதிய விலக்கோடு சேர்ந்தது. அது இரண்டே வாக்கியம். முகத்துவாரத்து வலைகள் அறுந்தன. நம் கைவலைகள் இருந்தன. சாவெல் மீன் இன்றும் ஏறி வருகிறது. இதைவிட வேறு என்ன சிலை வேண்டும் அவருக்கு!

விலை கொடுத்தாரா? கொடுத்தார். அடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. கொறடா ஐயா மனம் கேட்காமல், "வருத்தமா?" என்று போய்க் கேட்டிருக்கிறார். அம்மா, "பட்டியல முழுசா வாசிச்சுட்டுத்தானே என் பேர விட்டீங்க? அப்ப சரி" என்றாராம். ஐயா, தலை குனியாதீர்கள். நீங்கள் வந்தது பெரிது.

பதவி போனதும் அவர் நம் ஊருக்கே வந்து குடியேறினார். ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்றார். "ஜசிந்து அண்ணே, இன்னும் எத்தன நாளைக்கு அடுத்தவன் வாயால கேட்டுக்கிட்டு இருப்பீங்க? பள்ளிக்கூடத்துல சாயங்கால வகுப்பு ஆரம்பிச்சிருக்காங்க, போங்க." எனக்குப் பேரன் பேத்தி எடுத்த வயது. போனேன். முதலில் என் பெயர் வந்தது. பிறகு கடைப் பலகைகள் வந்தன. ஐயோ, இந்த ஊர் முழுக்க எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், இத்தனை காலம் நான் பார்த்ததே இல்லை!

அம்மா படுத்த படுக்கையான பிறகு நான் போய் அந்த விலக்கை அவருக்கு வாசித்துக் காட்டினேன். விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக. "இயந்திரம் இல்லாத படகிலிருந்து, கையால் இடப்படும் வலைகளுக்கு, இந்தப் பிரிவு பொருந்தாது." கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ஜசிந்து அண்ணே, 'ஏழாம்'ங்கற சொல்ல விட்டுட்டீங்க. 'இந்த ஏழாம் பிரிவு.' முதல்லேருந்து வாசிங்க."

முதலிலிருந்து வாசித்தேன். அப்போதுதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இப்ப சரி" என்றார். எனக்கு அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

சகோதரர்களே! அவர் விட்டுப்போன வேலையை யார் செய்வது? நம் மீனவர் சங்கத்துக்கு வரும் எந்தத் தாளும் இனி முழுவதும் வாசிக்கப்படாமல் கையெழுத்தாகாது. ஒருவர் எதிர்த்தால் போதும் என்பதுதானே விதி? அந்த ஒருவர் நானாக இருக்கிறேன். எனக்குப் பிறகு நீங்கள் இருங்கள்.

தலைவர் கஸ்தோதியோ அவர்களே! உங்கள் மேசையில் இரங்கல் தீர்மானம் இருக்கிறது. எல்லோருக்கும் பிரதி கொடுத்துவிட்டீர்கள். பின்னால் மீன் சூப் ஆறிக்கொண்டிருக்கிறது. சற்று முன் நீங்கள் செயலாளர் பக்கம் குனிந்து, "நேரமாச்சு, வாசிச்சதா எடுத்துக்குவோம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

எதிர்க்கிறேன்!

லியோகாதியா வலாதாஸ் என்ற பெயரிலிருந்து கடைசிப் புள்ளிவரை உரக்க வாசியுங்கள். சூப் ஆறினால் ஆறட்டும். நாங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று கேட்கிறோம். நீங்கள் வாசித்து முடித்துத் தாளைக் கீழே வைத்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று இந்த ஆற்றங்கரைக்குத் தெரியும்.