சபையில் கால் நீட்டுங்கள்

புற்றுநோயாளர் துணைமன்றத்தின் தலைமைக் கதிரையைப் பொறுமையாலேயே நிரப்பி வீற்றிருக்கும் முத்துக்குமாரு ஐயா அவர்களே, கரவெட்டி மண்ணின் பெரியோர்களே, பிள்ளையைப் பத்து மாதமும் இரகசியத்தைப் பரம்பரை முழுவதும் சுமக்க வல்ல தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரே மருந்து. ஒரே அளவு. ஒருவருக்கு விரல்நுனி விறைக்கிறது. ஒருவருக்கு ஒன்றுமேயில்லை. இன்னொருவரால் பாதத்தைத் தூக்க முடியவில்லை. ஏன்? விதியா? வினையா? அயலவர் கண்ணூறா? ஓம் என்று தலையாட்டுகிறீர்கள், கவலையாக இருக்கிறது. பெற்றோர் தந்த மரபணுவிலுள்ள சின்னச் சின்ன வேறுபாடுகளும் ஒரு காரணம். எந்த வேறுபாடு என்று ஆராய்ச்சியாளர் இன்னும் தேடுகிறார்கள். ஆனால் சில குடும்பங்களில் தேடவே வேண்டாம். நடையிலேயே தெரியும்.

முன்வரிசையில் ஊன்றுதடியோடு இருக்கும் கதிரவேலுவைப் பாருங்கள். பருத்தித்துறைப் பேருந்தை ஓட்டியவர். "பெயரைச் சொல்லியே கதையுங்கோ" என்று எனக்கு அனுமதி தந்தவர். அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. வின்கிறிஸ்டின் என்ற மருந்து, பரம்பரை நரம்பு வருத்தம் உள்ளவரின் கால்களை விழுத்திவிடக்கூடியது. அதை ஏற்றுமுன் வைத்தியர் கேட்டார்: "குடும்பத்திலை ஆருக்கும் கால் பலவீனம், நரம்பு வருத்தம் இருக்கோ?"

கதிரவேலுவின் அக்கா கனகாம்பிகை முந்திக்கொண்டார்: "எங்கடை பரம்பரையிலை தடிமன் காய்ச்சல்கூட இல்லை, டொக்டர்."

ஏன் அப்படிச் சொன்னார்? கட்டிலருகே தோடம்பழப் பையோடு நின்றவர் பூரணம். கதிரவேலுவின் மகள் தனுஷாவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தவர். கதிரவேலுவின் தகப்பன் ஏரம்பு, சேற்றில் நடக்கும் கொக்கைப் போலப் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தவர். ஊருக்குத் தெரியும். உறவுக்குத் தெரியும். வைத்தியருக்கும் வெளியூர்ப் பூரணத்துக்கும் மட்டும் தெரியாது!

பின்வரிசையில் என்ன, "மாப்பிள்ளை பகுதி எந்த ஊர்?" என்றா கேட்கிறீர்கள்? இருங்கோ அண்ணை. மருந்தின் பெயரை இன்னொருக்கால் சொல்லச்சொல்லி ஒருவரும் கேட்கவில்லையே!

மருந்து ஏறிய சில வாரங்களில் கதிரவேலுவின் பாதங்கள் தொங்கின. பிறேக் மிதித்த காலுக்குச் செருப்புக் கழன்றதும் தெரியவில்லை. வைத்தியர் மறுபடியும் கேட்டார். அக்கா மறுபடியும் மறுத்தார். பூரணமும் மறுபடியும் தோடம்பழத்தோடு வந்து நின்றார். அடுத்த ஊசி ஆயத்தமாகிக்கொண்டிருந்தது.

தனுஷா செருப்பைக் கழற்றினாள். உயர்ந்து வளைந்த பாதம். மடங்கிய விரல்கள்.

"டொக்டர், என்ரை காலைப் பாருங்கோ. அப்பப்பாவுக்கும் இப்பிடித்தான்."

"எடி, காலை மூடடி! அவ பாக்கிறா!" என்று அக்கா சீறினார்.

"பாக்கட்டும் மாமி. எனக்கு அப்பா நடக்கவேணும்."

வின்கிறிஸ்டின் நின்றது. மற்ற மருந்துகளோடு வைத்தியம் தொடர்ந்தது. நோய் அடங்கியது. பூரணம் சம்பந்தத்தோடு தோடம்பழத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். கதிரவேலுவின் பாதங்கள் பாதிதான் மீண்டன. இனிப் பேருந்து ஓட்டுவாரா? வைத்தியருக்கே தெரியாது. முதற்கேள்விக்கே உண்மை சொல்லியிருந்தால்?

சம்பந்தம் பேசும்போது நாம் எதைத்தான் விசாரிக்கவில்லை? சாதகக் குறிப்பு விசாரிக்கிறோம், குலம் விசாரிக்கிறோம், மாப்பிள்ளையின் பூட்டனார் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார் என்றும் விசாரிக்கிறோம். அத்தனை ஞாபகமுள்ள சமூகத்துக்கு, உயிர் காக்க வைத்தியர் கேட்டால் மட்டும் பெற்ற தகப்பனின் நடை மறந்துபோவது எப்படி?

இது கோயில் மண்டபம். செருப்பெல்லாம் வாசலில் கிடக்கிறது. நான் பேசத் தொடங்கியபின் எத்தனை கால்கள் கதிரைக்கு அடியில் ஒளிந்தன என்பது மேடையிலிருந்து நன்றாகத் தெரிகிறது. பயப்படாதீர்கள். வளைந்த கால் எல்லாம் வருத்தமில்லை. அதை வைத்தியர் சொல்லட்டும். ஆனால் அவர் சொல்வதற்கு, நீங்கள் சொல்லவேண்டும்.

சபையில் கால் நீட்டுவது மரியாதையில்லை என்று வளர்த்தார்கள். இன்றைக்கு மட்டும் நீட்டுங்கள். தனுஷா, தகப்பனுக்குப் பக்கத்தில், எப்போதோ நீட்டிவிட்டாள். தலைவர் ஐயா, அடுத்தது நீங்கள்.

கேட்ட காதுகளுக்கு நன்றி. நீண்ட கால்களுக்கு என் வணக்கம்.