குழாய்க்கும் ராடுக்கும் நடுவுல

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ராஜாவாம். அவருக்கு ஒரே ஒரு குதிரையாம். குதிரைக்கு மூச்சு வாங்குதுன்னு ராஜா லாயத்துலயே குடியிருந்தாராம். ராணியப் பத்திக் கதையில பேச்சே வராது. அதான் மச்சான், உங்க தங்கச்சி சொல்ற குத்தம். காலைல இப்படித்தான் ஆரம்பிச்சா. சிரிச்சுக்கிட்டேதான் ஆரம்பிச்சா, நம்புங்க.

இல்ல இல்ல, நான் பேச்ச மாத்தல. நீங்க அவளக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்க, தெரியும். உள்ள பெட்டி கட்டிட்டு இருக்கா. பீரோக் கதவு சத்தம் கேக்குது பாருங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கிரீஸ் இருக்கும், மேல பேப்பர் போட்டுக்கங்க.

வெளிய வாடான்னா எப்படி மச்சான்? மரியாதை தெரியாதவனா நான்? வண்டிக்கு அடியில இந்த ஒரு நட்டு. இத அப்படியே விட்டுட்டு வர முடியாது. படுத்த வாக்குல பேசறான்னு தப்பா நெனைக்காதீங்க. இங்கேர்ந்து எனக்கு உங்க ஷூ மட்டும்தான் தெரியுது. பளபளன்னு பாலிஷ் போட்டிருக்கீங்க. சண்டைக்கு வர்றவரு பாலிஷ் போட்டுட்டா வருவாரு?

ஆங், கால்கிட்ட ஒரு ஸ்பேனர் கெடக்கும், மிதிச்சிராதீங்க. எடுத்தெல்லாம் தர வேணாம். அது அங்கயே இருக்கட்டும்.

இது என்ன வேலைன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, நானே சொல்றேன். இஞ்சின்ல எரிஞ்ச புகை நாலு ஓட்டை வழியா வெளிய வரும். கம்பெனில அங்க ஒரு இரும்புக் கட்டிய வச்சு விட்டிருப்பான். நாலு பேரு ஒரே நேரத்துல ஒரு சின்னக் கதவுல முட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி. அதக் கழட்டிட்டு நாலுக்கும் தனித்தனிக் குழாயா, நீள நீளமா போடறதுதான் ஹெட்டர். போட்டா வண்டி அப்படியே மூச்ச இழுத்து விடும். இந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு அதுதான் உயிரு.

ஓடுதாவா? இப்ப ஓடல. ஓடும்.

சக்களத்தின்னுதான் சொல்வா இந்த வண்டிய. ரெண்டே சீட்டு மச்சான். ஒண்ணுல நான். இன்னொண்ணுல பழைய ரேடியேட்டர், ஒரு டப்பா நிறைய போல்ட்டு. அவளுக்கு எங்க எடம்னு ஒருநா கேட்டா. டிக்கில பாருன்னு சொன்னேன். ஜோக்குக்கு மச்சான். அவளும் சிரிச்சா. அன்னைக்கு சிரிச்சான்னுதான் நெனச்சேன்.

தலகாணியா? ஆமா, தலைக்கு வச்சிருக்கேன். பூப் போட்டதுதான். தரை சில்லுன்னு இருக்கு, கழுத்து புடிச்சுக்குது. தண்ணி பாட்டில்ல ஸ்ட்ரா போட்டிருந்தா என்ன மச்சான் இப்ப? படுத்துக்கிட்டு வேற எப்படிக் குடிக்கிறது? போலீஸ் மாதிரி ஒவ்வொண்ணா கேக்கறீங்களே.

அவ என்ன சொன்னான்னா கேக்கறீங்க. நெறைய சொன்னா. இங்க பக்கத்துலயே தரைல உக்காந்து சொன்னா. உன் மூஞ்ச விட உன் பாதம்தான் எனக்கு நல்லாத் தெரியும்னா. இடது கால் சுண்டு விரல் நகம் ரெண்டாப் பொளந்திருக்காம். எனக்கே தெரியாது மச்சான். பேச வந்தா நான் இந்தச் சக்கரப் பலகைல அப்படியே உருண்டு உள்ள போயிருவேனாம். வெளிய நீட்டிட்டிருக்கிற ரெண்டு கால்கிட்ட அவ பேசிட்டுப் போவாளாம்.

வேலை கெடச்ச அன்னைக்கும் கால்கிட்டதான் சொல்லியிருக்கா. உங்க ஊர்ப் பக்கம், நல்ல வேலை. வந்து சேரச் சொல்லிக் கடுதாசி வந்திருக்கு, போகட்டுமான்னு கேட்டிருக்கா. நான் உள்ளேர்ந்து, அந்தப் பதினாலு நம்பர் ஸ்பேனர எடுன்னேனாம். எடுத்துக் குடுத்துட்டு, கை கழுவிட்டு, வர முடியாதுன்னு எழுதிப் போட்டுட்டாளாம். இப்ப மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்கே சேரணுமாம். இது உங்களுக்கு மொதல்லயே தெரியுமா? தெரியும். எனக்கு இன்னைக்குக் காலைலதான் தெரியும்.

இன்னைக்கு உங்க ஷூகிட்ட நான் பேசிட்டு இருக்கேன் பாருங்க. பதிலே வராத மாதிரிதான் இருக்கு. கஷ்டம்தான்.

இருங்க, வர்றா. பெட்டிச் சக்கரம் சத்தம் கேக்குது. கொஞ்சம் நகந்துக்கங்க, வழி விடுங்க.

...ம். எல்லாம் எடுத்துட்டியா? சார்ஜர் எடுத்தியா, கட்டில் பக்கத்துல இருக்கும்... சாப்பிடறேன். சொன்னேன்ல, சாப்பிடறேன்... நீ சொல்லிட்ட, நான் கேட்டுட்டேன். போதும், கெளம்பு. அண்ணன் வர்றாரு பின்னாடியே.

போயிட்டாளா? வண்டில ஏறிட்டாளா? முன் சீட்லயா? நல்லது.

என்ன மச்சான் திட்டறீங்க? பொண்டாட்டி போறா, எழுந்து வாசல் வரைக்கும் வரத் தோணலையான்னா... குனியாதீங்க. பேன்ட் அழுக்காகும். மச்சான், குனியாதீங்கன்னா...

சரி. பாத்துட்டீங்க.

கத்தாதீங்க, அவளுக்குக் கேக்கும். ஆமா, கைதான். மாட்டியிருக்கு. காலைலேர்ந்து. ரத்தமெல்லாம் இல்ல, வெரல் ஆடுது பாருங்க. பின்னாடி நட்டு கைக்கு எட்டாது மச்சான். குழாய்க்கும் ஸ்டியரிங் ராடுக்கும் நடுவுல இடது கைய விட்டுத்தான் புடிக்கணும். அத மொதல்ல முடுக்கிட்டுக் கைய எடுத்துட்டு, அப்புறம் முன்னாடி மூணு நட்ட முடுக்கணும். நான் என்ன பண்ணேன், குழாய்க்கும் இஞ்சினுக்கும் நடுவுல வைக்கிற தகடு, கேஸ்கட்டு, நழுவுது நழுவுதுன்னு இடது கையால அதப் புடிச்சுக்கிட்டே வலது கையால முன்னாடிய முடுக்கிட்டேன். குழாய் ஏற ஏற சந்து சுருங்கிருச்சு. கைக்கு வளையல் போட்ட மாதிரி ஆயிருச்சு. திருப்பிக் கழட்டலாம்னு பாத்தா ஸ்பேனர் நழுவி உருண்டு போயிருச்சு.

அவளுக்குத் தெரியும் மச்சான். தலகாணி வேற யாரு வச்சான்னு நெனச்சீங்க? கூப்பிட்டேன், ஓடி வந்தா, குனிஞ்சு பாத்தா. மூணு நட்டுதான், லூஸ் பண்ணுன்னேன். ஸ்பேனர எடுத்தா. எடுத்து மடில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. இப்ப உருண்டு போயிர முடியாதுல்லன்னா. அப்புறம்தான் அந்த ராஜா கதை.

கோவப்படாதீங்க அவமேல. சொல்லி முடிச்சுட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டு, கழட்டிவிட வந்தா. நான்தான் வேணாம்னேன். நீ கெளம்பினப்புறம் பாத்துக்கலாம்னேன். அப்புறம்தான் உங்களுக்கு போன் போட்டா.

உங்களுக்கு என்னப் பத்தித் தெரியாது மச்சான். போன தடவை உங்க வண்டிக்கு முன்னாடி நின்னது யாரு? அதுக்கு முந்தின தடவை கேட்டுல உக்காந்து அழுதது யாரு? ஒவ்வொரு தடவையும் எறங்கி வந்துட்டா பாவம். அவ வந்தப்புறம் ரெண்டு நாள் நான் நல்லா இருப்பேன். மூணாவது நாள் பலகைல ஏறிப் படுத்துருவேன்.

தேடாதீங்க, ஸ்பேனர் அங்க இல்ல. அவ போறப்ப நின்னாள்ல, அப்பவே செருப்பு நுனியால எங்கிட்டத் தள்ளி விட்டுட்டுப் போயிட்டா. நீங்க கவனிக்கல. இந்தா, வலது கைலதான் வச்சிருக்கேன், அப்பலேர்ந்து. மூணு நட்டு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு சுத்து. கேட்டத் தொறக்கறதுக்குள்ள நான் வெளிய வந்துருவேன்.

புடிங்க மச்சான். வாங்கிக்கங்க. எங்கிட்ட வேணாம், என்ன நானே நம்பல. போற வழில கேட் பக்கத்துச் செவுத்துல வச்சிட்டுப் போங்க. மத்தியானம் வெல்டிங்காரரு வர்றாரு, அவரு பாத்துப்பாரு.

ஹாரன் அடிக்கிறா பாருங்க. நடங்க. ஷூவ இழுத்துக்கிட்டு நிக்காதீங்க, நடங்க.

ம்... அப்படித்தான். இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க.